புகுமுக மொழி: ரேக்கெட் பற்றி ஓர் ஆய்வுரை

புதிதாக ஒரு மொழியைக் கற்கப் புகுவோன் முதல் நாளிலேயே பின்வாங்கிப் போவதுண்டு. போனவனைச் சோம்பேறி என்கின்றோம். அல்லது மொழி கடினமானது என்று சொல்லி அமைகின்றோம். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டென்பதை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் எவரும் மறுக்கமாட்டார். அவன் பிழை செய்தபோது கிடைத்த மறுமொழி அவனுக்கு விளங்கவில்லை என்பதே அக்காரணம். வகுப்பறையில் பிழையைக் காணும் ஆசிரியர், மாணவன் எதுவரை கற்றிருக்கின்றான் என்பதை நினைவிற் கொண்டு பேசுவார். கணினி அவ்வாறு நினைப்பதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒரு புள்ளியை விட்டு எழுதியதற்குத் தொல்காப்பியப் புணரியலைப் பிரித்துக் காட்டினால் எப்படியோ, அப்படித்தான் பெரும்பாலான கணினி மொழிகள் புதியவனிடம் பேசுகின்றன.

பைத்தான், ஜாவா போன்ற பெருமொழிகளுக்கு இதனால் பெருங்கேடு இல்லை. அவற்றைக் கற்பவன் தடுக்கி விழுந்தால் தூக்கிவிட அண்டை வீட்டிலேயே ஒருவர் இருப்பார். கடையில் நூல் கிடைக்கும். கல்லூரியில் படிக்கும் அக்காள் சொல்லித் தருவாள். வழங்குவோர் தொகை குறைந்த சிறுமொழிக்கு அந்த வாய்ப்பு ஏது? அதன் வாயிலில் இடறியவன் எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே, புதியவரை எவ்வாறு உள்ளே அழைப்பது என்னும் கேள்வி சிறுமொழிகளுக்கு உயிர்நிலையான கேள்வி. அக்கேள்வியை முப்பது ஆண்டுகளாக விடாது ஆராய்ந்து வருபவர்கள் ரேக்கெட் என்னும் மொழியினர். (பெயரைப் படிப்போர் விண்ணில் பாயும் ராக்கெட்டை எண்ணவேண்டா. நம் பிள்ளைகள் பூப்பந்து ஆடும் மட்டைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.) அவர்கள் கண்டவற்றுள் நாம் போற்றி எடுத்துக்கொள்ளத் தக்கவை உண்டு, கண்டும் செய்யாது விட்டவையும் உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் கணினிக் கல்வி பற்றிப் பேச்சு மிகுந்துள்ள இந்நாளில், இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது பயன் தரும் என்று எண்ணுகின்றேன்.

மொழியின் குலமுறையைச் சிறிது சொல்லவேண்டும். 1958-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்பவர் லிஸ்ப் என்னும் மொழியை வகுத்தார். 1975-இல் அதே கழகத்தில் ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் அதனைச் சுருக்கிச் செம்மை செய்து ஸ்கீம் என்று பெயரிட்டனர். ஸ்கீமின் இலக்கணம் மிகச் சிறிது. தொடர்கள் அடைப்புக்குறிக்குள் அடங்கும். செய்யவேண்டிய செயல் முன்னே நிற்கும், செயலுக்குரிய பொருள்கள் பின்னே வரும். 3-ஐயும் 4-ஐயும் கூட்டுவதற்கு (+ 3 4) என்று எழுதினால் போதும்.

1985-இல் ஹரால்டு ஏபெல்சனும் சஸ்மனும் ஸ்கீமைக் கொண்டு எழுதிய பாடநூல் கணினியியலாரிடையே பெரும்புகழ் பெற்றது. அதன் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் முதல் இயலிலேயே நியூட்டன் முறையால் வர்க்கமூலம் காணவேண்டும், பின்னர் நுண்கணிதத்து வகையீடு வரும், மின்சுற்றும் வரும். இவற்றை முன்பே அறிந்த பொறியியல் மாணவனுக்கு அந்நூல் விருந்து. அறியாதவனோ மொழியையும் பொருளையும் ஒரே தலையில் சுமக்கவேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் முதல் மாதமே நமக்குச் சொல்லித் தருகின்றார்கள். அந்தப் பேராசிரியர்களுக்கு அதை எவரும் சொல்லவில்லை போலும்! இக்குறையை 2004-இல் ரேக்கெட் குழுவினரே ஒரு கட்டுரையில் விரிவாக எடுத்துக் காட்டினர்.

அக்குழு தோன்றியது 1995-இல். ஹூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில். தலைவர் மத்தியாஸ் ஃபெலைசன். மேத்யூ ஃபிளாட், ராபர்ட் புரூஸ் ஃபிண்ட்லர், ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் உடன் உழைத்தவர்கள். உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் அழைத்துப் பயிற்சி கொடுத்ததும் இவர்களே. இலக்கணம் சிறிதாக இருக்கும் மொழி கற்பதற்கும் எளிதாக இருக்கும் என்பது கணினியியலார் பலரும் நம்பிய கருத்து. மாணவன் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் பொய்ம்மை விளங்கிற்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காட்டலாம்.

வட்டத்தின் பரப்பைக் காணும் நிரலை ஒரு மாணவன் எழுதுகின்றான் என்று கொள்வோம். 3.14-ஐ ஆரத்தால் ஒருமுறை பெருக்கி, மீண்டும் ஒருமுறை பெருக்கவேண்டும். கணக்குப் புத்தகத்தில் பெருக்கற்குறியை நடுவில் எழுதிப் பழகியவன் அல்லவா? அப்பழக்கத்திலேயே எழுதிவிடுகின்றான்:

(டிஃபைன் (பரப்பு ஆரம்) 3.14 * ஆரம் * ஆரம்)

டிஃபைன் என்பது வரையறுக்க என்னும் பொருளுடைய மூலச்சொல். (பெயர்ச்சொற்களை நாமே வைத்துக்கொள்ளலாம், தமிழ் எழுத்தில் வைத்தாலும் ரேக்கெட் ஏற்கும்.) பெருக்கற்குறி முன்னே நிற்கவேண்டும் என்னும் விதியை மாணவன் மறந்தான். இது பெரும்பிழை அன்று. முதல் வாரத்தில் எவரும் செய்வது. இதற்கு முழு மொழி என்ன மறுமொழி சொல்லும்? ஒன்றும் சொல்லாது. பிழையென்றே கருதாது. மகிழ்ந்துபோன மாணவன் ஆரம் 5 உடைய வட்டத்தின் பரப்பு யாது என்று கேட்கின்றான். விடை 5 என்று வருகின்றது. 10 என்று கொடுத்தால் 10 என்று வருகின்றது.

ஏன் இப்படி? முழு மொழியில், ஒரு வரையறைக்குள் பல தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கலாம்; கடைசித் தொடரின் மதிப்பே விடை. ஆகவே 3.14 என்பது ஒரு தொடர்; பெருக்கற்குறி ஒரு தொடர்; ஆரம் ஒரு தொடர்; மீண்டும் குறி, மீண்டும் ஆரம். கடைசியில் நிற்பது ஆரம். ஆரம் 5, விடை 5. அறிஞனுக்கு இது நியாயமே. மாணவனுக்கோ இது பேய் விளையாட்டு. அவன் செய்த பிழைக்கும் வந்த விடைக்கும் இடையே உள்ள விதி, அவன் ஆறு மாதம் கழித்துக் கற்கவேண்டிய விதி. கல்லாத விதியால் தண்டிக்கப்படுகின்றான். தண்டிக்கப்பட்டதும் அவனுக்குத் தெரியாது. பிழையென்று சினந்து சொல்லும் கணினியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிழையை விழுங்கிவிட்டுப் பொய் விடை தரும் கணினியைப் பொறுத்துக்கொள்வது எங்ஙனம்?

ரைஸ் குழுவினர் கண்ட தீர்வு எளியது. மொழியைப் படிகளாக வகுத்தனர். தொடக்கநிலை, பட்டியல் சுருக்கக் குறியோடு கூடிய தொடக்கநிலை, இடைநிலை, இடைநிலையில் மற்றொரு படி, மேல்நிலை என ஐந்து. 1997-இல் இவர்கள் எழுதிய அறிக்கையிலேயே இம்முறை விளக்கப்பட்டது. தொடக்கநிலை மொழியில் ஒரு வரையறைக்குள் ஒரே தொடர்தான் நிற்கலாம். ஆகவே மேற்சொன்ன நிரலை எழுதினால் கணினி உடனே நிறுத்திவிடும். வரையறையின் உடலில் ஒரே தொடர் இருக்கவேண்டும், மிகையாக 4 உறுப்புகள் காணப்படுகின்றன என்று சொல்லி, அவ்விடத்தை நிறமிட்டும் காட்டும். மாணவன் எண்ணிப் பார்க்கின்றான்: குறி, ஆரம், குறி, ஆரம். ஆம், நான்கு! எல்லாவற்றையும் ஒரு தொடராக்கவேண்டும் என்று அவனுக்கே தோன்றுகின்றது. (* 3.14 (* ஆரம் ஆரம்)) என்று திருத்துகின்றான்.

இங்கு நிகழ்ந்ததை நன்கு நோக்குக. மொழியிலிருந்து சிலவற்றை நீக்கியதனால் கற்பவனின் அறிவு குறையவில்லை. மறுமொழியின் தெளிவு கூடிற்று. இதுவே இக்கொள்கையின் உயிர். நாம் பாடநூல் எழுதும்போது முதலாம் ஆண்டுக்கு இன்ன சொற்கள், இரண்டாம் ஆண்டுக்கு இன்ன சொற்கள் என்று அளந்து வைப்பது ஏன்? பிள்ளையின் நினைவுக்கு எல்லை உண்டு என்பது பாதிக் காரணம். அந்த எல்லைக்குள் நிற்கும்போதுதான் ஆசிரியரால் அவன் பிழையைச் சரியாக ஊகிக்க முடியும் என்பது மறுபாதி. கேட்போன் கொள்ளும் அளவறிந்து சொல்லவேண்டும் என்று நன்னூலார் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனுக்கு விதித்தார். அவ்விதியைக் கணினிக்கு விதித்தவர்கள் இந்த ஹூஸ்டன் அறிஞர்கள்.

இவ்வாறு குறைத்த மொழி மெய்யான மொழியாகுமா, பிள்ளைகளை ஏமாற்றும் பொம்மை அல்லவா என்று சிலர் தடை எழுப்புவர். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களில் பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து சென்றதை நாம் அறிவோம். அந்த ஓராண்டு வீண் என்று புலம்பியவர்களும் உண்டு, அதுவே தம்மை நிலைநிறுத்தியது என்று சொன்னவர்களும் உண்டு. புகுமுக வகுப்பின் பயன், அடுத்த வகுப்போடு அதற்குள்ள தொடர்பைப் பொறுத்தது. தொடக்கநிலை மொழியில் எழுதிய நிரல் பெரும்பாலும் அப்படியே மேல்நிலையிலும் ஓடும். ஏறிய படியை இடித்துவிட்டு ஏறவேண்டியதில்லை. கட்டங்களை இழுத்துப் பொருத்தும் விளையாட்டு மொழிகளில் பிள்ளைகள் ஈராண்டு மகிழ்ந்துவிட்டு, பிறகு எழுத்து மொழிக்கு வரும்போது முதலிலிருந்து தொடங்குவதை நான் கண்டிருக்கின்றேன். அந்தப் பள்ளம் இங்கே இல்லை.

படிப்படியாகக் காட்டும் கருவி ஒன்றும் இவர்கள் செய்தனர். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாகச் சுருக்கிக் காட்டுவதுபோல, (+ (* 3 4) 5) என்பது (+ 12 5) ஆகி, அது 17 ஆவதை இடமும் வலமுமாக வைத்துக் காட்டும். இதைவிடச் சிறந்த கற்பித்தல் கருவியைக் கணினித் திரையில் நான் பார்த்ததில்லை. 2001-இல் அவர்கள் வெளியிட்ட பாடநூலும், 2018-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. நிரலை எழுதுமுன் அதற்குரிய எடுத்துக்காட்டுகளை எழுது, இன்னது கொடுத்தால் இன்னது வரவேண்டும் என்று முதலில் சொல், பிறகு நிரலுக்குப் போ என்று அந்நூல் கண்டிப்புடன் பழக்குகின்றது. இரண்டாம் பதிப்பின் முன்னுரைப் பகுதியில் மெய்யாகவே ஒரு விண்கலம் திரையில் இறங்குகின்றது. நொடிக்கு 28 முறை படம் மாறும். படமும் எண்ணைப் போல ஒரு மதிப்புத்தான். ஒரு படத்தை இன்னொன்றன் மேல் வைக்கலாம், கூட்டலாம், சுழற்றலாம். பிள்ளைகளை இழுக்க இது போதும். இதைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வளவு கருத்தோடு செய்தவர்களும் ஓரிடத்தில் தவறினர். அத்தவற்றைத் தாமே ஆராய்ந்து வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும். 2011-இல் கிய்யோம் மார்சோ, கேத்தி ஃபிஸ்லர், கிருஷ்ணமூர்த்தி மூவரும், தொடக்கநிலை மாணவர் பிழைச் செய்தியைக் கண்டபின் என்ன செய்கின்றனர் என்று கூர்ந்து பார்த்தனர். செய்தி சரியாக இருந்தது. மாணவர் அதைப் படித்தனர். படித்தும் சரியான திருத்தத்தைச் செய்யாதவர் பலர். காரணம் யாது? செய்தியில் வழங்கிய கலைச்சொற்கள் மாணவருக்கு விளங்கவில்லை. ஆசிரியர் வகுப்பில் ஒரு சொல்லை வழங்கினார். பாடநூல் வேறொன்றை வழங்கிற்று. கணினி மூன்றாவது ஒன்றை வழங்கிற்று. மூன்றும் ஒரே பொருளைக் குறித்தன என்பது அறிஞர்க்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இதன் பயனாகச் செய்திகளில் வழங்கத்தக்க சொற்களும் வழங்கலாகாத சொற்களும் வரையறுக்கப்பட்டன. மற்றொரு விதியும் செய்தனர்: திருத்தம் இன்னது என்று கணினி தானே சொல்லிவிடலாகாது. ஏனெனில் மாணவன் உள்ளத்தில் இருந்ததைக் கணினி அறியாது. அது தவறாக ஊகித்துச் சொன்னால் மாணவன் அதை நம்பி மேலும் கெடுவான். பிழை எங்கே என்று காட்டு, எதிர்பார்த்தது எது, கண்டது எது என்று சொல், அவ்வளவில் நில். நம் ஆசிரியர்களிலும் சிலர், சிவப்பு மையால் விடையையே எழுதிக் கொடுத்துவிடுகின்றார்கள். அவர்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இனி, குறைகளுக்கு வருவோம்.

முதற் குறை வாயிலைப் பற்றியது. ஐந்து படிகளாக அருமையாகச் செய்துவைத்த மொழி எங்கே இருக்கின்றது? தனியே வரும் புதியவன் ரேக்கெட்டின் இணையப் பக்கத்துக்குப் போகின்றான். நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை இறக்கிக் கணினியில் பதிகின்றான். திறந்தால் அவன்முன் நிற்பது முழு மொழி. தொடக்கநிலை வேண்டுமானால் பட்டிக்குள் சென்று, மொழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதியைத் திறந்து, ஐந்தில் எது தனக்குரியது என்று அறிந்து தேர்ந்தெடுக்கவேண்டும். அதை அறிந்தவன் புதியவனா? ஆசிரியர் கைப்பிடித்து அழைத்துப் போனால் அன்றி அந்த நல்ல அறை அவன் கண்ணுக்கே படாது. விருந்தினர் அறையை வீட்டின் பின்கட்டில் வைத்துவிட்டு, முன்வாயிலில் பட்டறையைத் திறந்து வைத்தாற்போல இருக்கின்றது. இம்மொழியினர் ஆசிரியரை நம்பியே எல்லாம் செய்தனர், அது நற்குணமே. ஆயினும் உலகில் சிறுமொழியைத் தேடி வருவோரில் ஆசிரியர் துணையின்றித் தனியே வருவோர் மிகப் பலர்.

பதிவு செய்வது பற்றியும் ஒரு சொல். பள்ளிக் கணினியில் புதிய மென்பொருளைப் பதிவதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அதற்கு ஒரு கடிதம். கடிதத்துக்கு ஒரு நினைவூட்டு. நினைவூட்டுக்கு ஒரு தொலைபேசி. அதற்குள் பள்ளி விடுமுறை வந்துவிடும். பதிவே வேண்டாத வழியை இக்குழுவைச் சேர்ந்தவர்களே கண்டனர் என்பதை மறைக்கலாகாது. உலாவியிலேயே எழுதி உலாவியிலேயே ஓட்டும் வீஸ்கீம் என்னும் இடத்தை 2011-இல் அறிவித்தனர். விளையாட்டு ஒன்றை உருவாக்குவதன் வழியே இயற்கணிதம் கற்பிக்கும் பூட்ஸ்ட்ராப் என்னும் பாடத்திட்டம் அதனைக் கொண்டு பல பள்ளிகளை எட்டிற்று. பின்னர் பைரெட் என்னும் வேறொரு மொழியையே உலாவிக்கென்று செய்தனர். அதில் ஒரு நுட்பம் எனக்கு மிகப் பிடித்தது: கூட்டலும் பெருக்கலும் ஒரு தொடரில் கலந்து வந்தால், எது முந்தி என்று அடைப்புக்குறியிட்டுக் காட்டாதவரை அம்மொழி ஏற்காது. மனப்பாட விதியை நம்பி எழுதுவோர்க்கு அங்கே இடமில்லை. ஆயின், வாயில் திறக்கவேண்டிய தாய்மொழியை விட்டுப் புதல்வியின் வீட்டுக்கு வருக என்று அழைத்ததாகவே இது முடிந்தது.

இரண்டாவது, அடைப்புக்குறி பற்றிய வழக்கு. 2010-இல் ஸ்கீம் என்னும் பழம்பெயரை விட்டு ரேக்கெட் என்று பெயர் மாற்றிய இக்குழுவில், 2019-இல் மேத்யூ ஃபிளாட் ஒரு கருத்தை முன்வைத்தார். அடைப்புக்குறிகளைக் கண்டு புதியவர் அஞ்சுகின்றனர்; ஆதலால் அவை நீங்கிய புதுத்தோற்றம் ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். பழையோர் பலர் கொதித்தனர். பின்னர் அது ராம்பஸ் என்னும் பெயரில் தனி மொழியாக வளர்ந்தது. ஃபிளாட்டின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. மேற்சொன்ன வட்டப் பரப்புப் பிழைக்கு அடைப்புக்குறி வழக்கம் ஓரளவு காரணமே என்பதும் மெய். எனினும் நோய் வேறிடத்தில் என்பது என் கருத்து. தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிக் குழந்தையை அச்சுறுத்துவோர் இல்லையா? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; எஞ்சிய 216-ம் இவற்றின் கூட்டத்தால் பிறப்பவை. கூட்டத்தைக் காட்டிக் கற்பிக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் அஞ்சுவதில்லை. 247-ஐயும் அட்டையில் எழுதித் தொங்கவிடுபவரிடம் அஞ்சுகின்றன. அடைப்புக்குறியும் அத்தகையது. ஒரே விதி, அவ்விதி மாறுவதே இல்லை. தொடக்கநிலையில் இரண்டு வாரம் சரியான மறுமொழி பெற்றுப் பழகிய மாணவன் அதனைப் பின்னர் நினைப்பதும் இல்லை. தோற்றத்தை மாற்றப் பல ஆண்டு உழைத்தவர்கள், அதில் நூற்றில் ஒரு பங்கு உழைப்பைச் செலவிட்டுத் தொடக்கநிலையை முன்வாயிலுக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

மூன்றாவது செய்தி நமக்கு நெருங்கியது. 2011-இல் கண்ட உண்மையை அதன் எல்லைவரை கொண்டுசெல்லுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்க்கே பிழைச் செய்தியின் ஆங்கிலச் சொற்கள் விளங்கவில்லை என்றால், வீட்டில் தமிழும் பள்ளியில் தமிழும் மலாயும் பேசி, ஆங்கிலத்தை மூன்றாவதாகக் கற்கும் தோட்டப்புறப் பிள்ளையின் நிலை என்ன? ஜெர்மானியர் இதனை முன்னரே உணர்ந்தனர். டூபிங்கன் பல்கலைக்கழகத்தார் 2007-இல் தம் மொழியில் பாடநூல் வெளியிட்டதோடு அமையாது, அதற்கேற்ற தொடக்கநிலை மொழிகளையும் ரேக்கெட்டிலேயே கட்டிக்கொண்டனர். அவற்றில் பிழைச் செய்திகள் ஜெர்மன் மொழியில் வரும். இவ்வாறு செய்ய முடிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மொழிக்குள் இன்னொரு மொழியைக் கட்டுவதற்கென்றே வகை செய்யப்பட்ட மொழி ரேக்கெட். மூலச்சொல்லுக்கு மறுபெயர் இடுவதற்கு ஒரு வரி போதும். டிஃபைன் என்பதை வரையறு என்று ஆக்கிக்கொள்ளலாம்.

தமிழில் எழில் என்னும் மொழி இருக்கின்றதே என்பீர்கள். உண்மை. முத்து அண்ணாமலை என்னும் தமிழர் ஆக்கியது அது. 2009-இல் அதைப்பற்றிய ஆய்வுரையையும் வெளியிட்டார். பதிப்பி, ஆனால், இல்லை, முடி என மூலச்சொற்களெல்லாம் தமிழ். நிபந்தனையை முதலில் சொல்லி 'ஆனால்' என்பதைப் பின்னால் வைத்தது தமிழ்த்தொடரின் போக்கை அறிந்து செய்த செயல். ஆங்கிலச் சொல்லை அகராதி பார்த்து மாற்றிவைக்கும் வேலை அன்று. இவ்வளவு தூரம் எண்ணிச் செய்தவரை நாம் போதிய அளவு பாராட்டவில்லை. எனினும் ஒன்று சொல்வேன். எழில் அன்பர்கள் பொறுத்தருள்க. ஒரு தொடக்கநிலை மொழியில் மாணவன் எழுதவேண்டிய மூலச்சொற்கள் இருபது முப்பதுக்கு மேல் இரா. அவை எந்த மொழியில் இருந்தாலும் ஒரு வாரத்தில் கைப்பழக்கம் ஆகிவிடும்; கால்பந்தாட்டத்தில் 'கோல்' என்று கூவும் பிள்ளை அது எம்மொழிச் சொல் என்று கேட்பதில்லை. கணினி அவனுக்குச் சொல்லும் வாக்கியங்களோ அப்படிப்பட்டவை அல்ல. அவை ஒவ்வொரு முறையும் புதியவை; படித்துப் பொருள் கொள்ளவேண்டியவை. மாணவன் எழுதும் சொல்லைத் தமிழாக்குவதற்கு முன், மாணவனுக்கு வரும் சொல்லைத் தமிழாக்கவேண்டும். இரண்டும் கூடுமானால் நன்று. ஒன்றே கூடும் எனில் மறுமொழியே முதலில்.

தொடக்கநிலையின் செய்திகள் கணக்கில் அடங்குபவை. கடல் போன்றவை அல்ல. ஆனால் அவற்றைத் தமிழாக்க உட்காருவோர் முதல் நாளே ஒரு சொல்லில் முட்டிக்கொள்வர். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தரும் அந்த உறுப்புக்கு என்ன பெயர்? கணித ஆசிரியர் சார்பு என்பார். தமிழ்நாட்டுக் கணினி நூலார் செயற்கூறு என்பார். எழில் நிரல்பாகம் என்கின்றது. கலைச்சொல் ஆக்கும் குழுவொன்று கூடி மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்தால் 2011-இல் அமெரிக்கர் கண்ட அதே இடருக்கு நாமும் ஆளாவோம். மூன்று சொல்லிலும் மூன்று பிழைச் செய்தி எழுதி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்து, எதைப் படித்தவர்கள் பிழையுள்ள இடத்தில் விரலை வைக்கின்றார்கள் என்று பார்க்கவேண்டும். இதற்குக் கணினி அறிவு மிகுதியும் வேண்டா. தாளும் எழுதுகோலும் இருந்தால் எந்தத் தோட்டப்பள்ளியிலும் ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம். என் ஊகம் சார்பு என்னும் சொல் தோற்கும் என்பது. 'சார்ந்து' என்று உரைநடையில் படித்த பிள்ளை அதனை வேறு பொருளில் கொள்ளும். ஆயினும் இடைநிலைப்பள்ளிக் கணக்குப் பாடத்தில் அக்கருத்து வரும்போது தமிழில் விளக்கம் தேடும் பிள்ளைக்கு அச்சொல்லே கைகொடுக்கும் என்று வாதிடும் நண்பர்களும் எனக்கு உண்டு.